மிக்-21 மாடலின் காக்பிட்டை வேலூரில் கிடைப்பதை வைத்தே செய்ய முடியுமா?

கேள்வி சுருக்கமாக: காட்பாடியில் படிக்கும் ஒரு கல்லூரி மாணவர் 1/48 அளவில் மிக்-21 பிஸ் பிளாஸ்டிக் கிட் வாங்கியிருக்கிறார். கிட்டோடு வந்த காக்பிட் (விமானி உட்காரும் அறை) பாகங்கள் குறைவாக இருக்கின்றன. காக்பிட்டுக்கென்றே ரெசினில் நுணுக்கமாக வார்த்து வரும் வெளிநாட்டுப் பாகங்களை (ரெசின் செட்) வாங்கத்தான் வேண்டுமா, அல்லது ஊரில் கிடைக்கிற பொருளை வைத்தே நன்றாகச் செய்துவிட முடியுமா? உள்ளே முழுக்கக் கறுப்பு அடித்தால் போதுமா?

தம்பி, ரெசின் செட் இப்போதைக்கு வேண்டாம். செட் மோசம் என்று சொல்லவில்லை. அருமையான செட்டுகள் வருகின்றன. ஆனால் காக்பிட்டில் எது எதற்காக இருக்கிறது என்று தெரியாமல் செட்டை வாங்கி ஒட்டினால், பாகங்கள் துல்லியமாக இருக்கும், உயிர் இருக்காது. முதல் விமானத்தை உங்கள் கையாலேயே செய்யுங்கள். இரண்டாவதுக்குச் செட் வாங்கினால் அதில் எதை எங்கே வைக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். நான் இருபது வருடத்துக்கும் மேலாகச் சத்துவாச்சாரியில் ஒரு மேஜையும் ஒரு டேபிள் லேம்ப்பும் வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்கிறேன். தேவையான பொருளில் முக்கால்வாசி லாங் பஜாரிலும் வீட்டு அடுப்படியிலும் கிடைத்துவிடும்.

கறுப்பு பற்றிய கேள்விக்கு: கூடவே கூடாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு விஷயம்.

உங்களிடம் இருப்பது எந்த மிக்-21 என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். நம் விமானப்படையில் 1963-ல் நுழைந்து, 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி சண்டிகரில் விடைபெற்ற விமானம் இது. இத்தனை வருடத்தில் பல வடிவங்கள் வந்து போயின. விமானப்படைக்காரர்கள் டைப் 77 என்று சொல்வது எஃப்எல், டைப் 96 என்பது எம், டைப் 75 என்பது உங்களிடம் இருக்கிற பிஸ். பிஸ்ஸை மேம்படுத்தியதுதான் பைசன். டைப் 77-ல் காக்பிட் மூடி முன்கண்ணாடியோடு ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். 96-லும் 75-லும் முன்கண்ணாடி நிலையாக நிற்கும், பின்னால் இருக்கும் மூடி மட்டும் வலப்பக்கம் சாயும்.

இது ஏதோ கதவு வைத்த விதம் என்று நினைக்காதீர்கள். பழைய வடிவத்தில் விமானி அவசரமாக வெளியேறினால் மூடியும் இருக்கையோடு சேர்ந்தே பறக்கும். எதிர்க்காற்று முகத்தில் அறையாமல் அது கேடயமாக நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. அது எதிர்பார்த்த அளவுக்குச் சரிப்பட்டு வரவில்லை. அதனால் கேஎம்-1 என்ற புதிய இருக்கை வந்தது, அதோடு மூடியும் மாறியது. ஆகவே டைப் 77 மாடலில் கேஎம்-1 இருக்கையை வைத்தால், விவரம் தெரிந்தவர் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிடுவார். பைசனாகச் செய்ய நினைத்தால் உங்கள் கிட்டின் டயல் பேனல் உதவாது, அதில் மின்திரை வந்துவிட்டது. முன்கண்ணாடியும் சட்டமில்லாமல் ஒரே வளைவாக மாறிவிட்டது. அதனால் கிட்டில் இருக்கிறபடி பிஸ்ஸாகவே செய்யுங்கள்.

இனி அளவு. 1/48 என்றால் உண்மையில் 48 மி.மீ இருப்பது உங்கள் கையில் 1 மி.மீ. இதை மனசில் நன்றாகப் பதிய வையுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வரும். காக்பிட்டின் பெரிய டயல் ஒன்று ஏறக்குறைய 80 மி.மீ. மாடலில் அது 1.65 மி.மீ. இருக்கையின் பெல்ட் 45 மி.மீ அகலம் என்றால் இங்கே ஒரு மி.மீக்கும் கொஞ்சம் குறைவு. அதே சமயம் கிட்டின் பக்கச் சுவர் பிளாஸ்டிக் 1 மி.மீ கனம் இருக்கும். நிஜத்தில் அது 48 மி.மீ, கிட்டத்தட்ட இரண்டு அங்குலம்! எந்த விமானத்தின் தகடும் இரண்டு அங்குலக் கனத்தில் இருக்காது. பெயின்ட் எவ்வளவு அழகாக அடித்தாலும், காக்பிட் விளிம்பு அம்மிக்கல் மாதிரித் தடித்து நின்றால் அது பொம்மைதான்.

ஆகவே முதல் வேலை பெயின்ட் இல்லை, சுரண்டுவது. உடற்பகுதியின் இரண்டு பாதிகளிலும் காக்பிட் வாய் விளிம்பை உள்பக்கமிருந்து பிளேடால் சுரண்டி மெலிசாக்குங்கள். வெளிப்பக்கத்தைத் தொடவே கூடாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பிளாஸ்டிக்கின் ஊடாக ஒளி மங்கலாகத் தெரிய வேண்டும், அந்த அளவுக்கு மெலிந்தால் போதும். பிறகு 600, 1000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். ஒரு மாலை நேரம் இதற்கே போய்விடும். காசு செலவில்லாத இந்த ஒரு வேலை, ரெசின் செட் தருவதில் பாதியைத் தந்துவிடும். பின்னாளில் ரெசின் வாங்கித் தேய்த்தால் அதையும் ஈரத்தோடுதான் தேய்க்க வேண்டும், மூக்கில் மாஸ்க் போட்டுக்கொண்டு. அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

சுரண்டி முடித்ததும் எதையும் ஒட்டாமல் ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு பாதிகளையும் டேப் போட்டுச் சேர்த்து, உள்ளே பெயின்ட் அடிக்காத காக்பிட் தொட்டியையும் (தரையும் பக்கங்களும் சேர்ந்த பாகம்) இருக்கையையும் வைத்து, மேலே கண்ணாடி மூடியை வையுங்கள். அலமாரியில் எந்த உயரத்தில் வைக்கப் போகிறீர்களோ அந்த உயரத்திலிருந்து பாருங்கள். எது தெரிகிறது? இருக்கையின் தலைப்பகுதி, தோள் பெல்ட், பேனலின் மேல்பாதி, பக்கச் சுவரின் மேல் விளிம்பு, மூடியின் உள்சட்டம். தரை தெரியாது, பெடல் தெரியாது, இருக்கையின் அடி தெரியாது. தெரிகிற இடத்தைப் பென்சிலால் லேசாகக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் உழைப்பில் பத்தில் ஒன்பது பங்கு அந்தக் கோட்டுக்குள்தான் விழ வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் தரையில் ஆணித்தலை வரிசை எல்லாம் வைத்து, பாதிகளை ஒட்டிய பிறகு ஒன்றுமே தெரியாமல் போன விமானம் என்னிடமும் ஒன்று இருக்கிறது. மூடியைத் திறந்து வைக்கப் போகிறீர்களா, மூடி வைக்கப் போகிறீர்களா என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். மூடிதான் வைப்பது என்றால் வேலை பாதியாகக் குறையும்.

சரி, நிறம். சோவியத் போர் விமானங்களின் காக்பிட்டுக்குள் ஒரு பச்சை கலந்த நீலம் இருக்கும். மிக்-21-ன் அடையாளமே அந்த நிறம்தான். நீண்ட நேரம் பார்த்தாலும் விமானியின் கண்ணுக்கு இதமாக இருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்தது என்பார்கள். மயில்கழுத்துப் பட்டு நிறத்தில் நாலில் மூன்று பங்கு வெள்ளை கலந்தால் என்ன வருமோ அதற்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாடலுக்கென்று வரும் பெயின்டில் இதற்குத் தனி டப்பாவே உண்டு. கிடைக்காவிட்டால் ஸ்டேஷனரி கடை அக்ரிலிக்கில் வெள்ளை, நீலம், விரிடியன் பச்சை மூன்றும் போதும். வெள்ளையில் மற்ற இரண்டையும் துளித்துளியாகச் சேர்த்துக் கலக்குங்கள், நிறத்தில் வெள்ளையைச் சேர்க்கப் போனால் கிண்ணம் நிரம்பிக்கொண்டே போகும். கலந்ததை ஒரு பிளாஸ்டிக் துண்டில் அடித்துக் காயவிட்டுப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப் லைட்டில் பார்த்து முடிவு செய்தால் ஏமாந்துபோவீர்கள். ஸ்டேஷனரி அக்ரிலிக் வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் ஒழுங்காகப் பிடிக்காது. பாகத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, அடியில் கட்டாயம் பிரைமர் அடிக்க வேண்டும்.

இப்போது கறுப்பு விஷயம். உண்மையில் கறுப்பாக இருக்கும் பொருளுக்குக்கூட மாடலில் சுத்தக் கறுப்பு அடிக்கக் கூடாது. சின்னப் பொருளில் விழும் ஒளி குறைவு. கறுப்பு அதையும் விழுங்கிவிடும், உள்ளே ஒரு பொந்து மட்டும் தெரியும். டயர் நிறம் மாதிரி அடர்ந்த சாம்பலை அடியுங்கள். அதன் மேல் இன்னும் வெளிறிய சாம்பலை டிரை பிரஷ் செய்தால் பொத்தான், விளிம்பு எல்லாம் எழுந்து நிற்கும். டிரை பிரஷ் என்றால் பிரஷில் பெயின்ட் எடுத்து, அதைப் பழைய துணியில் கிட்டத்தட்ட முழுக்கத் துடைத்துவிட்டு, மிச்சமிருக்கும் அந்தப் பொடி அளவு நிறத்தை மேடான இடங்களில் மட்டும் தடவுவது. கை நடுங்காமல், ஒரே திசையில், இறகால் தடவுவது மாதிரி.

பேனலுக்கு வருவோம். டயல் பேனல்தான் எல்லோருடைய கண்ணும் முதலில் போகிற இடம். கிட்டில் டெக்கல் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் அச்சுப் படம்) இருந்தால் அதை முழுசாக ஒட்டாதீர்கள். ஒவ்வொரு டயலாகத் தனியே வெட்டி, அதனதன் வட்டத்துக்குள் இறக்குங்கள். 1.65 மி.மீ வட்டத்தைக் கத்தரிக்கோலால் வெட்ட யாராலும் முடியாது. அதற்கு நம் பகுதிக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் தோல் வேலை செய்கிறவர்கள் ஓட்டை போட வைத்திருக்கும் பஞ்ச். 1 மி.மீயிலிருந்து படிப்படியாகப் பெரிய அளவு வரை அவர்களிடம் இருக்கும். என்னிடம் இருப்பது ஆம்பூரில் செருப்பு மேல்பாகம் தைக்கும் பட்டறை ஒன்றில் வாங்கிய 1.5 மி.மீ பஞ்ச். சின்னச் சுத்தியால் ஒரே தட்டு. அடியில் மரக்கட்டை வேண்டாம், தடித்த ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தை வையுங்கள். பஞ்சின் வாய் மழுங்காது, வட்டமும் பிசிறில்லாமல் விழும்.

கிட்டில் டெக்கல் இல்லை, அல்லது கெட்டுப்போய்விட்டது என்றால், உண்மையான பேனலின் படத்தை அளவுக்குச் சுருக்கி அச்செடுக்கலாம். இங்கே ஒரு கணக்கு உண்டு. போட்டோ லேபில் சாதாரணமாக ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அச்சடிப்பார்கள். 1.65 மி.மீ டயலுக்கு அதில் 19 புள்ளிதான் கிடைக்கும். 19 புள்ளியில் முள்ளும் எண்ணும் எப்படி வரும்? மங்கல் வட்டம்தான் வரும். 1200 புள்ளி லேசர் பிரிண்டர் இருக்கிற கடையைத் தேடுங்கள், அங்கே 78 புள்ளி. எண்ணைப் படிக்க முடியாவிட்டாலும் முள் ஒரு பக்கமும் கோடுகள் ஒரு பக்கமும் பிரிந்து தெரியும். கண் மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

டயல் ஒட்டிக் காய்ந்த பிறகு, துடைப்பத்து ஈர்க்கின் நுனியால் பளபளப்பான தெளிந்த வார்னிஷ் ஒரு பொட்டு எடுத்து ஒவ்வொரு டயலின் மேலும் வையுங்கள். தேய்க்கக் கூடாது, தொட்டு எடுத்தால் போதும். துளி வட்டத்தின் ஓரம் வரை தானே ஓடி நின்றுகொள்ளும். காய்ந்ததும் லேம்ப்பைச் சாய்த்துப் பாருங்கள், ஒவ்வொரு டயலிலும் ஒரு புள்ளி வெளிச்சம் நிற்கும். பேனலின் மற்ற இடமெல்லாம் மங்கலாக இருக்க, கண்ணாடி மட்டும் மின்ன வேண்டும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த முதல் மினுக்கத்துக்காக நான் பேனலை லேம்ப்படியில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மிக்-21 பேனலில் மறக்கக் கூடாதது நடுவில் மேலிருந்து கீழே இறங்கும் ஒரு வெள்ளைக் கோடு. பலர் அதை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். விமானம் கட்டுப்பாடு இழந்து பம்பரமாகச் சுழன்று விழும்போது விமானிக்குத் திசை தெரியாது, தலை சுற்றும். அப்போது கையில் இருக்கும் ஸ்டிக் (விமானத்தைச் செலுத்தும் பிடி) நடுவில்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவே அந்தக் கோடு. ஸ்டிக்கை அந்தக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். இது தெரிந்த பிறகு உங்கள் மாடலில் ஸ்டிக்கைக் கோணலாக ஒட்ட மனசு வராது. அந்தக் கோட்டைப் பிரஷால் இழுக்க வேண்டாம். வெள்ளை டெக்கல் துண்டிலிருந்து முடி மாதிரி ஒரு கீற்று வெட்டி ஒட்டுங்கள்.

ஸ்டிக்கிலேயே இன்னொன்றும் உண்டு. நம் சைக்கிளில் பிரேக் பிடிப்பது மாதிரி, சக்கரப் பிரேக்குக்கான பிடி அந்த ஸ்டிக்கில்தான் இருக்கும். இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் விமானமான ஸ்பிட்ஃபயரிலும் இதே ஏற்பாடுதான். மெல்லிய செப்புக் கம்பி ஒன்றை வளைத்து ஸ்டிக்கின் முன்னால் ஒட்டினால் முடிந்தது. பேனலின் மேல் நடுப்பகுதியில் ரேடார் திரைக்கு ஒரு ரப்பர் மறைப்பு துருத்திக்கொண்டு நிற்கும். அது மங்கலான அடர்சாம்பல், ஓரங்களில் மட்டும் தேய்ந்த வெளிறல். அதற்கு மேலே குறிபார்க்கும் கருவியின் கண்ணாடி. கிட்டில் அதைத் தடித்த பிளாஸ்டிக்கில் கொடுத்திருப்பார்கள். தூக்கிப் போட்டுவிட்டு மாத்திரை அட்டையின் தெளிந்த பிளாஸ்டிக்கை வெட்டி வையுங்கள். வேலூரில் மாத்திரை அட்டை இல்லாத வீடு ஏது?

அந்த அட்டையின் பின்பக்க அலுமினியத் தாளையும் எறிய வேண்டாம். இருக்கைப் பெல்ட்டுக்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் இருக்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் காக்பிட்டில் பாதி இருக்கைதான். டேப் சோதனையில் பார்த்தீர்கள் அல்லவா, கண்ணாடி வழியாக முதலில் தெரிவது அதன் தலை. பேனல் சுமாராக இருந்து இருக்கை அருமையாக இருந்தால் மாடல் தப்பித்துவிடும், இருக்கை சுமார் என்றால் எந்தப் பேனலும் காப்பாற்றாது.

பெல்ட்டுக்கு அலுமினியத் தாளை எடுத்து, எஃகு ஸ்கேல் வைத்துப் புது பிளேடால் 0.9 மி.மீ அகலத்தில் கீற்றுகள் வெட்டுங்கள். பத்து வெட்டினால் ஆறு தேறும். வெட்டியதை அப்படியே ஒட்டாதீர்கள். முதலில் பெயின்ட் அடித்துக் காயவிட்டு, பிறகு விரலிடுக்கில் லேசாகக் கசக்குங்கள். உண்மையான பெல்ட் தொங்கும், மடியும், ஒன்றின் மேல் ஒன்று விழும். அதற்கு எடை இருக்கிறது என்று காட்ட வேண்டும். இருக்கையின் முதுகிலிருந்து இறங்கி, மெத்தையில் மடிந்து, ஒரு நுனி பக்கவாட்டில் சரிந்து கிடக்கட்டும். இரண்டு பக்கமும் அளவெடுத்தது போல் சமமாக வைத்தால் செத்துப்போய்விடும். பக்கிளுக்கு மெல்லிய கம்பியை ஊசி முனையில் சதுரமாக வளைத்து, ஒட்டி, வெள்ளி நிறம் தொட்டு விடுங்கள்.

மெத்தைக்கு நிஜத் தோல் வைக்கலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆம்பூரிலிருந்து சீவி மெலிதாக்கிய ஆட்டுத்தோல் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, வெட்டி, ஒட்டியும் பார்த்தேன். கையில் வைத்துப் பார்த்தால் அற்புதமான தோல். இருக்கையில் ஒட்டியதும் முதலைத்தோல் மாதிரி இருந்தது. தோலின் மேடு பள்ளம் 0.2 மி.மீதான், ஆனால் 1/48-ல் அது ஏறக்குறைய 1 செ.மீ மேடு. நிஜப் பொருளின் நயம் சின்ன அளவில் நிஜமாகத் தெரியாது. மெத்தையை மென்மையான எபாக்ஸி புட்டியில் செய்து, ஈர விரலால் தடவி, நடுவில் உட்கார்ந்த குழி விழ லேசாக அழுத்துங்கள். ஓரத்தில் ஊசியால் தையல் கோடு இழுங்கள். அவசரமாக வெளியேறும் பிடிக்கு நிறம் அடிக்கும்போது ஊகம் கூடாது, அந்த இருக்கையின் புகைப்படத்தைப் பார்த்தே அடியுங்கள். தேஜஸ், ஜாகுவார் மாதிரி மார்ட்டின்-பேக்கர் இருக்கை உள்ள விமானங்களில் பார்த்த மஞ்சள்-கறுப்புப் பட்டைப் பிடியைக் கொண்டுவந்து ரஷ்ய இருக்கையில் போட்டுவிடுகிறார்கள்.

பக்கச் சுவர்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இடக்கைப் பக்கம் திராட்டில் (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடி), வலக்கைப் பக்கம் மின் சுவிட்சுகளின் வரிசை. திராட்டில் குமிழுக்கு ஒரு கசகசா விதை. சிரிக்காதீர்கள், அது ஏறக்குறைய 1 மி.மீ, நிஜத்தில் 48 மி.மீ, கைக்குள் அடங்கும் பிடியின் அளவு. சூப்பர் குளூவில் ஒட்டிப் பெயின்ட் அடித்தால் வருடக்கணக்கில் அப்படியே நிற்கும். சுவிட்சுகளுக்கு, கிட்டில் பாகங்கள் கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டத்தின் மிச்சத் துண்டை அகல் விளக்குத் தீக்கு மேலே காட்டி, இளகியதும் வெளியே எடுத்து நிதானமாக இழுங்கள், முடி மாதிரி நூல் வரும். அதைத் துண்டு துண்டாக நறுக்கி, சாமணத்தால் எடுத்து, ஊசியால் போட்ட துளையில் நட்டுவிடுங்கள். சாமணம் நகை ஆசாரிகள் பயன்படுத்துவதாக வாங்குங்கள். ஸ்டேஷனரி கடையில் விற்பது நுனி சேராது, அந்தத் துண்டு எங்கேயோ தெறித்துப் போகும்.

கம்பிகளுக்கு மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் போய் 36 கேஜ், 40 கேஜ் என்று கேளுங்கள். மிச்சத்துண்டை இனாமாகவே கொடுப்பார்கள். 36 கேஜ் 0.19 மி.மீ. மாடலில் அது 9 மி.மீ குழாய் என்று ஆகும், எண்ணெய்க் குழாய்க்கும் கம்பிக் கட்டுக்கும் சரியாக இருக்கும். 40 கேஜ் 0.12 மி.மீ. விமானியின் ஆக்சிஜன் குழாய் சுருள் சுருளாக இருக்குமே, அதற்கு 0.5 மி.மீ சால்டரிங் ஈயக் கம்பியின் மேல் 40 கேஜை நெருக்கமாகச் சுற்றுங்கள். ஈயம் உள்ளே இருப்பதால் வளைத்தபடி நிற்கும். சாம்பல் அடித்து ஒரு வாஷ் (பள்ளங்களில் ஓடித் தங்கும் நீர்த்த நிறம்) கொடுத்தால், வாங்கிய பாகம் என்றே நினைப்பார்கள்.

வாஷுக்கு ஆர்ட்டிஸ்ட் ஆயில் கலரில் கரும்பழுப்பும் கறுப்பும் கொஞ்சம், மினரல் டர்பன்டைன் நிறைய. தேநீர் டிகாஷன் மாதிரி நீர்த்திருக்க வேண்டும். அதற்கு முன் பளபளப்பான தெளிந்த வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்திருந்தால்தான் இந்த நீர் பள்ளங்களில் மட்டும் ஓடித் தங்கும். இல்லாவிட்டால் எல்லா இடத்திலும் அழுக்காகப் பரவிவிடும். காய்ந்த பிறகு மங்கல் வார்னிஷ். டயல் மேல் வைக்கும் கண்ணாடித் துளி இதற்கெல்லாம் பிறகுதான், வரிசையை மாற்றினால் டயலும் மங்கிவிடும்.

தேய்மானம் காட்டும்போது விமானியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏணி இடப்பக்கம்தான் சாத்துவார்கள். அவர் இடது விளிம்பில் கை வைத்து, பூட்ஸ் காலை உள்ளே போடுவார். தேய்வது இடது விளிம்பு, இருக்கையின் ஓரம், திராட்டில் பக்கத்துப் பெயின்ட். வலது விளிம்பில் அவ்வளவு தேய்மானம் வர வேலையே இல்லை. கூராகச் சீவிய வெள்ளிப் பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொடுங்கள். 0.2 மி.மீ புள்ளி ஒன்று நிஜத்தில் 1 செ.மீ பெயின்ட் உரிந்த இடம், ஆகவே நாலைந்து போதும். விமானப்படை விமானத்தைத் தினமும் ஆட்கள் துடைத்துப் பராமரிப்பார்கள், அதைப் பாழடைந்த லாரி மாதிரி ஆக்கிவிடக் கூடாது.

நம்ம ஊர் வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. ஏப்ரல், மே மாதங்களில் மத்தியானம் அக்ரிலிக் அடிக்க உட்காராதீர்கள். பிரஷிலிருந்து பிளாஸ்டிக்குக்குப் போவதற்குள் காய்ந்து பொருக்காகிவிடும். விடியற்காலை ஐந்திலிருந்து ஏழு வரை நல்ல நேரம். பெயின்டில் டிரையிங் ரிடார்டர் (காய்வதைத் தாமதிக்கும் திரவம்) இரண்டு சொட்டு சேர்த்துக்கொள்ளலாம். ஃபேனை நிறுத்திவிட்டு வேலை செய்வது கஷ்டம்தான், ஆனால் ஃபேன் ஓடினால் பெயின்டும் காயும், நறுக்கிய சுவிட்சும் பறக்கும். செய்த மாடலை வெயிலில் நிறுத்திய காரில் வைக்கவே கூடாது, மெல்லிய பாகங்கள் நெளிந்துவிடும்.

நிஜ விமானத்தைப் பார்க்க வேண்டுமா? காட்பாடியில் ரயில் ஏறினால் பெங்களூரு. பழைய விமான நிலையச் சாலையில் ஹெச்ஏஎல் அருங்காட்சியகம் இருக்கிறது. மிக்-21, அஜீத், மாருத் என்ற போர் விமானங்கள் எல்லாம் நிற்கின்றன. ஒரு நாள் முழுக்க இருந்து, தூரத்திலிருந்து எடுக்கும் அழகான படங்களைவிட விளிம்பு, கீல், ஆணி, தேய்ந்த இடம் என்று நெருக்கமாக நிறைய எடுங்கள். நம் பழைய வடஆற்காட்டிலேயே அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி தளம் 1992-லிருந்து இருக்கிறது. நாலு எஞ்சினும் எதிரெதிராகச் சுழலும் இரட்டை விசிறிகளுமாக டியூ-142 என்ற கடற்படைக் கண்காணிப்பு விமானங்கள் 2017 வரை அங்கிருந்துதான் பறந்தன. சென்னைக்கு ரயிலில் போகும்போது அந்த உறுமல் கேட்டு ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்ததுதான் எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்த ஆரம்பம். தளத்துக்குள் போக முடியாது, வெளியே நின்று படமும் எடுக்கக் கூடாது. ஆனால் வானத்தைப் பார்க்கத் தடையில்லை, இப்போது பி-8ஐ கண்காணிப்பு விமானம் போகும்.

கடைசியாகக் கண்ணாடி மூடி. மூடியை ஒட்ட சூப்பர் குளூ பயன்படுத்தாதீர்கள். அதன் ஆவி படிந்து கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிடும், அதுவும் மூடிய காக்பிட்டுக்குள் பூத்தால் துடைக்கவும் முடியாது. அப்படி ஒரு மூன்று மாத வேலை எனக்கு ஒரே இரவில் பனிமூட்டத்துக்குள் போயிருக்கிறது. ஃபெவிகால் போதும். வெள்ளையாகப் பூசினாலும் காயும்போது தெளிந்துவிடும், வழிந்தால் ஈரத்துணியால் துடைக்கலாம், நாளைக்கு மனசு மாறினால் பிரிக்கவும் செய்யலாம். கண்ணாடிக்கு மாஸ்க்கிங் டேப் ஒட்டிச் சட்டத்துக்குப் பெயின்ட் அடிக்கும்போது, முதல் பூச்சு உள்நிறமாகவும் இரண்டாவது பூச்சு வெளிநிறமாகவும் அடியுங்கள். வெளியிலிருந்து அடித்ததுதான் என்றாலும், கண்ணாடி வழியே உள்ளிருந்து பார்த்தால் உள்நிறமே தெரியும். பிஸ் மூடியின் உச்சியில் பின்னால் பார்க்கும் பெரிஸ்கோப் மேடு ஒன்று உண்டு, அதை உரசி எடுத்துவிடாதீர்கள். திறந்து வைப்பதானால் வலப்பக்கம் சாய்த்து, கீல் இருக்கும் இடத்தில் கம்பித் துண்டு இரண்டு செருகி ஒட்டினால் தாங்கும்.

மறந்துவிட்டேனே: பாதிகளை ஒட்டி மூடுவதற்கு முன் மூக்குக் கூம்புக்குள் தூண்டில் ஈயம் நிரப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் விமானம் வாலில் உட்கார்ந்துவிடும். பஞ்ச் தேடி ஆம்பூர் வரை அலைய வேண்டாம், டயல் வெட்டும் நாளுக்கு முன்னால் சொல்லுங்கள். சத்துவாச்சாரி வந்து என்னுடையதை எடுத்துப் போய், வேலை முடிந்ததும் கொடுத்தால் போதும். வரும்போது சுரண்டிய உடற்பகுதிப் பாதிகளையும் கொண்டு வாருங்கள், விளிம்பு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று லேம்ப்பில் பிடித்துப் பார்த்துவிடலாம்.